பெயர் தெரிகிறது, கதவு திறக்கவில்லை

கேள்வி: வீட்டிலுள்ள பழைய விண்டோஸ் 10 கணினியில் குடும்பப் படங்களை வைத்திருக்கிறோம். புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 ப்ரோ மடிக்கணினியில் அதன் பெயர் தெரிகிறது. ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. முன்பு கடவுச்சொல்லே கேட்காது!
– வாசகர், ஸ்கூடாய், ஜொகூர்

பதில்: பெயர் தெரிவதால் வைஃபையைச் சந்தேகிக்க வேண்டாம். கடவுச்சொல் கேட்காமல் 'விருந்தாளி'யாக உள்ளே விட்ட பழைய பழக்கம்தான் காரணம். 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோ அப்படிப்பட்ட இணைப்பை ஏற்பதில்லை.

பழைய கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு லோக்கல் கணக்கு உருவாக்குங்கள். ஃபோல்டரின் 'ஷேரிங்' பகுதியில் அந்தக் கணக்கிற்கு அனுமதி கொடுங்கள். மடிக்கணினி பயனர் பெயர் கேட்கும்போது, பழைய கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, கணக்கின் பெயர் என்று சேர்த்து அடியுங்கள். நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது, கடவுச்சொல்தான் வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

பாதுகாப்பையே அணைத்துவிடும் குறுக்குவழியை யூடியூபில் காட்டுவார்கள். வேண்டாம். எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையைத் திரும்ப இயக்கச் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

என்றாவது பெயரே தெரியாமல் போனால், இரண்டு கணினியிலும் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருக்கிறதா பாருங்கள். 'பிரைவேட்' ஆக்குங்கள். மடிக்கணினி கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் இதே கதைதான்.