கண் சிமிட்ட இயலாதவர் கணக்குத் தொடங்குவது எவ்வாறு?

வடாலாவில் உள்ள ஆக்வர்த் தொழுநோய் மருத்துவமனை 1890-ஆம் ஆண்டில் வீடற்ற தொழுநோயாளருக்கான புகலிடமாகத் தொடங்கப்பெற்றது. அக்காலத்து மும்பை நகராட்சி ஆணையரின் பெயரையே அது இன்றும் தாங்கி நிற்கிறது. தொழுநோய் இப்போது மருந்தால் குணமாகிறது. எனினும், காலந்தாழ்ந்து சிகிச்சை பெற்றோர் சிலரின் விரல் நுனிகள் தேய்ந்து, ரேகை மங்கிவிடுகிறது. முக நரம்பு பாதிக்கப்பட்டோர் சிலருக்கு இமைகளை மூட இயலாமற் போகிறது.

வங்கி இதழில் இச்செய்தி ஏன் என்று வாசகர் வினவலாம். இணையவழியில் கணக்குத் தொடங்க முற்படுவோரிடம் திரை கேட்பவை பெரும்பாலும் இவையே: விரலை வைக்கவும், கேமராவை நோக்கிக் கண் சிமிட்டவும். எதிரே இருப்பது நிழற்படமன்று, உயிருள்ள மனிதரே என்று உறுதிசெய்யும் ஏற்பாடு அது. நோக்கம் நன்று. ஆனால், சிமிட்ட இயலாதவரை அது மனிதராகவே ஏற்பதில்லை.

அமிலத் தாக்குதலுக்கு உள்ளாகி மீண்ட பிரக்யா பிரசூன் என்னும் பெண்மணிக்கு 2023-இல் நேர்ந்ததும் இதுவே. அவரும் பிறரும் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆர். மகாதேவன். மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் கூறே என்று அது உரைத்தது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழிகள் வேண்டும், காகிதவழிச் சரிபார்ப்பும் தொடர வேண்டும் என்பன அதன் 20 உத்தரவுகளுள் அடங்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, தொழுநோயிலிருந்து குணமடைந்தோரையும் தன் பட்டியலில் முன்னரே சேர்த்திருந்தது.

பார்வையற்றோரின் இடர்ப்பாடு வேறு வகையினது. அவர்கள் கைப்பேசியிலும் கணினியிலும் திரை வாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் எழுத்தைச் செவியால் பெறுகின்றனர். பொத்தானுக்குப் பெயரிடப்படாவிடில் அது "பொத்தான்" என்று மட்டுமே ஒலிக்கும். பணம் அனுப்புவதா, விண்ணப்பத்தை நீக்குவதா என்று விளங்காது. வட்டி விகித அட்டவணையைப் படமாக ஒட்டினால் வாசிக்க ஏதுமில்லை. கோணல் எழுத்துகளைக் கண்டறியச் சொல்லும் கேப்ட்சாவுக்கு ஒலிவடிவம் இல்லையெனில் வாயில் அங்கேயே அடைபடும். ஒருமுறைக் கடவுச்சொல்லுக்குரிய காலவரையும் அவ்வாறே: குறுஞ்செய்தியைக் கேட்டு, திரும்பி வந்து, உரிய கட்டத்தைத் தேடுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

கிளைகளின் வாசலில் சாய்தளம் அமைக்கவே நமக்கு நெடுங்காலம் ஆயிற்று. இணையதளத்தின் படிக்கட்டோ ஏறுபவரன்றிப் பிறர் கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை!

வடாலாவிலும் மாட்டுங்காவிலும் கடை நடத்தும் நம் வாடிக்கையாளர் பலர் தமக்கென இணையதளம் வைத்துள்ளனர். அவர்கள் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. கணினியின் மவுஸை அகற்றிவிட்டு, டேப் விசையையும் என்டர் விசையையும் மட்டும் கொண்டு ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். கை நடுக்கம் உடையோர் பலர் தளத்தைப் பயன்படுத்தும் முறை அதுவே. எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று திரை காட்டாவிட்டால், முதலில் திருத்த வேண்டிய பிழை அதுதான். பின்னர், கைப்பேசி அமைப்புகளில் உள்ள டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர் வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு அதே பொருளை மீண்டும் வாங்க முயலுங்கள். எங்குச் சிக்கினீர்களோ அவ்விடத்தைக் குறித்து, தளத்தை அமைத்தவரிடம் கொடுங்கள்.