நடுவர் குறுக்கே கேட்டால்...



பேச்சுப் போட்டிக்குப் போறவங்க அஞ்சு நிமிஷப் பேச்சை மனப்பாடம் பண்ணிட்டுப் போறீங்க. மணி அடிச்சதும் இறங்கிடலாம்னு பார்த்தா, நடுவர் ஒரு கேள்வி கேட்பார். நல்ல நடுவர் நீங்க பேசினதுக்குள்ளேயிருந்து கேட்பார்; அதுக்குப் பயம் வேண்டாம். இங்கே எழுதுவது மற்ற கேள்விகளைப் பற்றி.

காமராசர் பிறந்தநாள் (ஜூலை 15) போட்டியை எடுத்துக்குவோம். மதிய உணவைப் பற்றி உருக்கமாகப் பேசி முடித்ததும், "சத்துணவு எம்.ஜி.ஆர். கொண்டு வந்ததாச்சே, நீ என்ன காமராசர்ங்கிறே?" என்று ஓர் அதட்டல் வரும். பல பேர் "ஆமாங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பேசியது சரியாக இருந்தும் மார்க் போச்சு! அந்தக் கேள்வியில் பாதி உண்மை, பாதி குழப்பம். உண்மையை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்: "ஐயா, சத்துணவுத் திட்டத்தை 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கினார். நான் சொன்னது அதற்கு முன்பு, 1956-இல், காமராசர் ஆட்சியில் வந்த மதிய உணவுத் திட்டம்." அவ்வளவுதான். குரலை உயர்த்த வேண்டாம். "நீங்க சொல்றது தப்பு" என்ற பேச்சும் வேண்டாம். இரண்டு ஆண்டுகளையும் சொன்னாலே அவைக்குப் புரிந்துவிடும். பேச்சில் வரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் முன்னும் பின்னும் நடந்ததைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். (1920-லேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்ட செய்தியும் கையில் இருக்கட்டும்.)

அடுத்தது நம்ம மாதிரி அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் குத்துகிற கேள்வி: "இதை யார் எழுதிக் கொடுத்தது?" இதைக் கேட்டு மேடையிலேயே அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு முன்னால் பேசிய பெரிய பள்ளி மாணவனிடம் அந்தக் கேள்வி வரவில்லை. பொய் சொல்லாதீர்கள். "ஆசிரியர் உதவினார் ஐயா. எந்தப் பகுதியை வேண்டுமானாலும் கேளுங்கள், என் சொந்தச் சொல்லில் சொல்கிறேன்" என்று நில்லுங்கள். அப்படி நிற்க, எழுதினது முழுக்கப் புரிஞ்சிருக்கணும். நாங்க வரி வரியா எழுதிக் கொடுத்து நீங்க ஒப்பிச்சா, அந்தக் கேள்வியை அநியாயம்னு எப்படிச் சொல்றது?

அப்பா வேலை, சாதி என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் கட்டாயமில்லை. "தலைப்பைப் பற்றிக் கேளுங்கள் ஐயா" போதும். கூட வந்த ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள். போட்டி நடத்துகிறவர்களிடம் போய்ப் பேசுவது எங்கள் வேலை. தலைப்புக்கே சம்பந்தமில்லாத கேள்வி என்றால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "தெரியவில்லை ஐயா".

பயிற்சிக்கு மூன்று பேர் நடுவராக உட்காருங்கள். ஆளுக்கு ஒரு நல்ல கேள்வி, ஒரு கோணல் கேள்வி சீட்டில் எழுதணும். பேசுகிறவர் பதிலுக்கு முன் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லணும். யோசிக்க நேரம் கிடைக்கும். கேள்வி கோணலாக இருந்தால் கேட்டவர் காதிலேயே விழும்.

திருக்குறளில் 73-ஆம் அதிகாரம், அவை அஞ்சாமை, பத்தையும் படித்துவிட்டு வியாழன் மதியம் வேப்பமரத்தடிக்கு வாங்க. நடுவரா உட்காரத்தான் எல்லாரும் முண்டியடிக்கிறீங்க. பேசவும் ரெண்டு பேர் வேணும்!

– தமிழாசிரியர்