தூரமா, வெளிச்சமா? – காமிரா வாங்குமுன் ஒரு சிறு பாடம்

நவராத்திரி, ஆண்டுவிழா, பிள்ளைகளின் அரங்கேற்றம் என்று விழாக்காலம் நெருங்கும்போது சங்கத்து அன்பர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு நல்ல காமிரா வாங்கலாம் என்றிருக்கிறோம். கடையில் ஒன்றைக் காட்டி 40 மடங்கு ஜூம் என்கிறார்கள். இன்னொன்று மிர்ரர்லெஸ்ஸாம். அதில் ஜூம் இரண்டரை மடங்குதான், விலையோ கூடுதல். எதை வாங்குவது?"

40 என்ற எண்ணையும் இரண்டரை என்ற எண்ணையும் அருகருகே வைத்தால் யாருக்கும் முதலாவதன் மேல்தான் ஆசை வரும். ஆனால் இந்த இரண்டு எண்களுமே படம் எப்படி வரும் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் எண்கள் வேறு. அவையும் காமிரா விளக்கத்தாளில்தான் இருக்கின்றன. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வதே இந்தப் பாடம்.

1. இரண்டு வகை

கையடக்கமான உடல், கழற்ற முடியாத ஒரே லென்ஸ், அந்த லென்ஸில் மிக நீண்ட ஜூம். இது 'சூப்பர்ஜூம்' வகை. எடுத்துக்காட்டாக 2018-ல் வெளிவந்த கேனன் பவர்ஷாட் எஸ்.எக்ஸ். 740 எச்.எஸ். காமிராவை எடுத்துக்கொள்வோம். எடை 299 கிராம். சட்டைப்பைக்குச் சற்றுக் கனம், கைப்பைக்குச் சுலபம்.

பழைய எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்த ஆடி ஒன்று இருந்து, காட்சியை மேலே நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். அந்த ஆடியை எடுத்துவிட்டு, சென்சார் காணும் காட்சியை நேரே மின்திரையில் காட்டுவதுதான் 'மிர்ரர்லெஸ்'. 2008-ல் வந்த பானசோனிக் லூமிக்ஸ் ஜி1 இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்று. லென்ஸைக் கழற்றி வேறு மாட்டலாம் என்பது எஸ்.எல்.ஆரிலிருந்து இதற்கு வந்த சொத்து. தொடக்கநிலை மாதிரிக்கு 2023-ல் வெளிவந்த கேனன் ஈ.ஓ.எஸ். ஆர்50-ஐ எடுத்துக்கொள்வோம். உடல் மட்டும் 375 கிராம். கூடவே வரும் 18–45 மி.மீ. லென்ஸ் 130 கிராம். தூரத்துக்கென்று தனியே விற்கும் 55–210 மி.மீ. லென்ஸ் 270 கிராம். மூன்றும் சேர்ந்தால் 775 கிராம்.

மற்ற நிறுவனங்களின் காமிராக்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

2. '40 மடங்கு' எதைச் சொல்கிறது?

ஜூம் மடங்கு ஒரு வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான். லென்ஸின் மிகப் பெரிய குவிதூரத்தை மிகச் சிறிய குவிதூரத்தால் வகுத்தால் வருவது. எஸ்.எக்ஸ். 740-ன் லென்ஸ் 4.3 மி.மீ.யிலிருந்து 172 மி.மீ. வரை, வகுத்தால் 40. ஆர்50-ன் தூர லென்ஸ் 55-லிருந்து 210 வரை. வகுத்தால் நான்குக்கும் குறைவு.

எத்தனை பெரிதாகத் தெரியும் என்பதை ஒப்பிட, இரண்டையும் பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்ற வேண்டும். அப்போது எஸ்.எக்ஸ். 740 என்பது 24–960. ஆர்50-ல் முதல் லென்ஸ் ஏறக்குறைய 29–72, இரண்டாவது 88–336. ஆகவே தூரத்தில் சூப்பர்ஜூமின் பிடி மிர்ரர்லெஸ்ஸைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். 40-க்கு 4 என்ற பத்து மடங்கு வித்தியாசம் உண்மையில் இல்லை. ஆனால் மூன்று மடங்கும் சிறிய வித்தியாசமன்று.

3. சென்சாரின் பரப்பு

காமிராவின் விழித்திரை சென்சார். எஸ்.எக்ஸ். 740-ல் அது சுமார் 6.2 × 4.6 மி.மீ.; பரப்பு 28 சதுர மில்லிமீட்டர் அளவு. ஆர்50-ல் 22.3 × 14.9 மி.மீ.; பரப்பு 332 சதுர மில்லிமீட்டர். ஏறத்தாழ 12 மடங்கு.

மொட்டை மாடியில் மழைநீர் பிடிக்க ஒருவர் டம்ளரையும் ஒருவர் அண்டாவையும் வைத்தால், கொட்டும் மழையில் இரண்டும் நிறையும். தூறலில்தான் வித்தியாசம் தெரியும். சென்சாரும் அப்படியே. நல்ல வெயிலில் சிறிய சென்சாரும் நிறைவான படம் தரும். மண்டபத்து விளக்கொளியில் அதற்கு ஒளி போதாது. காமிரா ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தி, வந்த சொற்ப ஒளியைப் பெருக்கிக் காட்டும். அப்போது முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். அவற்றை மென்பொருள் துடைக்கும்போது புடவையின் ஜரிகையும் கண் மையும் சேர்ந்து அழிந்துபோகும்.

4. லென்ஸின் வாய்

லென்ஸின் மேல் 'எஃப்' எண் ஒன்று பொறித்திருக்கும். குவிதூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம் வரும்.

எஸ்.எக்ஸ். 740, முழு ஜூமில்: 172 ÷ 6.9 = 25 மி.மீ.
ஆர்50 தூர லென்ஸ், முழு ஜூமில்: 210 ÷ 7.1 = சுமார் 30 மி.மீ.

எதிர்பார்த்த அளவு வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா? தூரத்துப் பொருள் ஒன்றிலிருந்து இந்த இரண்டு லென்ஸ்களும் வாங்கும் ஒளி ஏறத்தாழ ஒரே வரிசை. 'மிர்ரர்லெஸ் என்றாலே எதிலும் மேல்' என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

5. ஏரிக்கரையில்

தில்லியில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் ஓக்லா பறவைகள் சரணாலயத்துக்கோ பரத்பூருக்கோ போவதுண்டு. 30 மீட்டர் தள்ளி ஒரு கிளையில் வெண்மார்பு மீன்கொத்தி அமர்ந்திருக்கிறது. அதன் நீளம் சுமார் 28 செ.மீ. 960 மி.மீ. ஜூமில் படச்சட்டத்தின் அகலத்துக்குள் அடங்குவது சுமார் 112 செ.மீ.; பறவை அதில் கால் பங்கை நிரப்பும். 336 மி.மீ.யில் சட்டத்துக்குள் அடங்குவது 3.2 மீட்டர், பறவை பதினொன்றில் ஒரு பங்குதான்.

"பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாமே" என்று கேட்கலாம். 336-ஐ 960 அளவுக்கு வெட்டினால் ஆர்50-ன் 2 கோடியே 42 லட்சம் பிக்சலில் மிஞ்சுவது 30 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. சின்ன அச்சுக்குப் போதும், சுவரில் மாட்டப் போதாது. சூப்பர்ஜூமிலோ 2 கோடிப் பிக்சலும் பறவைக்கும் அதன் சுற்றத்துக்குமே செலவாகின்றன. அத்தனை பிக்சலும் கூர்மையாக இருப்பதில்லை என்றாலும் முடிவில் படம் இதில்தான் நன்றாக இருக்கும்.

ஆகவே வெயிலில், தூரத்தில், அமர்ந்திருக்கும் பொருளுக்குச் சூப்பர்ஜூமே வெல்லும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். முழு ஜூமில் கை ஆட்டம் பூதாகாரமாகத் தெரியும். காமிராவுக்குள் ஆட்டம் தணிக்கும் அமைப்பு இருந்தாலும் மரத்திலோ சுவரிலோ சாய்ந்து நின்று எடுங்கள். அடுத்து, நடுப்பகலில் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று படத்தை அலைபாயச் செய்யும். எந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. காலை வேளையே நல்லது.

6. மேடைக்கு முன்னால்

இப்போது அரங்கேற்றத்துக்கு வருவோம். ஆடும் பெண்ணின் கைமுத்திரை குலையாமல் விழ ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 250-ல் ஒரு பங்காவது வேண்டும். காமிராவின் ஆட்டம் தணிக்கும் அமைப்பு இதற்கு உதவாது. அது நம் கையின் ஆட்டத்தைத்தான் தணிக்கும். ஆடுகிறவரின் அசைவை நிறுத்தாது.

இங்கேதான் லென்ஸைக் கழற்றி மாட்டும் வசதி பயன் தருகிறது. ஜூமே இல்லாத 50 மி.மீ., எஃப்/1.8 லென்ஸ் ஒன்று கேனனில் உண்டு. எடை 160 கிராம், அந்த நிறுவனத்தின் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. நல்ல மேடை வெளிச்சத்தில் அந்த லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 400 போதும் என்று வைத்துக்கொள்வோம். அதே வெளிச்சம், அதே ஷட்டர் வேகத்தில் மற்றவற்றுக்கு எவ்வளவு வேண்டும்?

ஆர்50, கூடவே வந்த லென்ஸின் நீண்ட முனையில் (எஃப்/6.3): சுமார் 4,900.
ஆர்50, தூர லென்ஸின் நீண்ட முனையில் (எஃப்/7.1): சுமார் 6,200.
சூப்பர்ஜூம், நடுத்தர ஜூமில் எஃப்/5 என்று கொண்டால்: சுமார் 3,100. ஆனால் சென்சார் 12 மடங்கு சிறியது.

கூடவே வரும் லென்ஸோடு நிறுத்திக்கொண்டால், பெரிய சென்சார் சேர்த்துத் தரும் லாபத்தில் ஒரு பகுதியை அந்த லென்ஸின் சிறிய வாயே தின்றுவிடுகிறது. மிர்ரர்லெஸ் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது இன்னொரு லென்ஸை மாட்டும் உரிமையை. அந்த உரிமையைப் பயன்படுத்தாதவருக்குச் செலவில் பாதி வீண்.

50 மி.மீ. லென்ஸுக்கும் ஒரு விலை உண்டு. அது நம்மை முன்வரிசைக்கு வரச் சொல்லும். மேடையிலிருந்து 5 மீட்டரில் அமர்ந்து காமிராவை நெட்டாகப் பிடித்தால் சட்டத்தின் உயரத்துக்குள் சுமார் 2.2 மீட்டர் அடங்கும். தனியாக ஆடும் ஒருவருக்குக் கச்சிதம். 15 மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் அமர்ந்தால் அது 6.7 மீட்டராகிவிடும், ஆடுபவர் கால் பங்குதான். மேலும் எஃப்/1.8-ல் கூர்மையான ஆழம் குறைவு. குழு நடனத்தில் முன்வரிசை தெளிவாகவும் பின்வரிசை மங்கலாகவும் விழும். அதற்கு எஃப்/4 அளவில் வைத்து ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஓடியாடும் குழந்தைக்கும் இதே விதிதான். ஆர்50 போன்றவை ஆளின் கண்ணைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து குவியம் பிடிக்கும். கைக்குள் அடங்கும் சூப்பர்ஜூம் அந்த வேலையில் பின்தங்கும்.

7. வீட்டில் வைத்துக்கொள்வது

சூப்பர்ஜூமில் லென்ஸைக் கழற்றுவதில்லை. ஆகவே தூசி நுழையும் வாய்ப்பு குறைவு. ஆனால் நுழைந்துவிட்டால் நாமே சுத்தம் செய்ய வழியில்லை. மிர்ரர்லெஸ்ஸில் லென்ஸ் மாற்றும்போது காமிராவின் வாயைத் தரையை நோக்கிப் பிடித்து, காற்றடிக்காத இடத்தில் விரைவாக மாற்ற வேண்டும். ராஜஸ்தான் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் இதை மறக்கலாகாது. மும்பை, கொல்கத்தா அன்பர்களுக்குத் தூசியைவிட ஈரம்தான் எதிரி. மழைக்காலத்தில் துணிப்பையிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தால் லென்ஸில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது.

8. கடைக்குப் போகுமுன்

முதலில், உங்கள் கைபேசியில் கடந்த ஓராண்டில் எடுத்த படங்களை எடுத்து உட்காருங்கள். திருப்தியாக வராதவற்றை மட்டும் இரண்டு கூறாகப் பிரியுங்கள். 'ரொம்பச் சிறிதாக இருக்கிறது' என்பவை ஒரு கூறு. 'மங்கலாக, கலங்கலாக இருக்கிறது' என்பவை மற்றது. முதல் கூறு பெரிதென்றால் உங்கள் தேவை தூரம், சூப்பர்ஜூம் பாருங்கள். இரண்டாவது பெரிதென்றால் உங்கள் தேவை வெளிச்சம்; மிர்ரர்லெஸ் உடலையும் எஃப்/1.8 லென்ஸையும் சேர்த்தே விலை கேளுங்கள். இரண்டு கூறிலும் விரல்விட்டு எண்ணும் அளவே படங்கள் இருந்தால், கைபேசியே போதும். அந்தப் பணத்தில் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வரலாம்.

இரண்டாவது, கடையில் சோதியுங்கள். வாசலில் நின்று எதிர்க்கட்டடத்தை ஜூம் செய்து காட்டுவார்கள். எல்லாக் காமிராவும் அங்கே நன்றாகத்தான் எடுக்கும். கடைக்குள்ளே, விளக்குக் குறைந்த மூலையில் ஒருவரைக் கையசைக்கச் சொல்லி, ஷட்டர் 1/250-ல் எடுத்துப் பாருங்கள். படத்தைத் திரையில் பெரிதாக்கி முகத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி போன்ற காமிராச் சந்தைகளில் பேரம் பேசும்போது, பில்லும் இந்தியாவில் செல்லுபடியாகும் உத்தரவாத அட்டையும் கையில் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு பிறகு விலை பேசுங்கள். பெட்டியின் மேலுள்ள எண்ணும் காமிராவின் அடியிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, விழாவுக்கு முந்தின நாள் வாங்காதீர்கள். ஒரு மாதமாவது முன்னதாக வாங்கி, மாலை வேளையில் கூடத்து விளக்கொளியில் வீட்டுப் பிள்ளைகளை எடுத்துப் பழகுங்கள். அரங்கேற்றம் ஒரு முறைதான் நடக்கும். ஐ.எஸ்.ஓ. பொத்தான் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத் தேடிக்கொண்டிருந்தால் அலாரிப்பு முடிந்து ஜதீஸ்வரம் தொடங்கியிருக்கும்.

பயிற்சி: 2018-ல் வெளிவந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி1000 காமிராவின் லென்ஸ் 4.3 மி.மீ.யிலிருந்து 539 மி.மீ. வரை. முழு ஜூமில் எஃப்/8. சென்சார் எஸ்.எக்ஸ். 740-ல் உள்ள அளவுதான். எடை 1,415 கிராம். இதன் ஜூம் எத்தனை மடங்கு? முழு ஜூமில் துவாரத்தின் விட்டம் என்ன? பறவை பார்க்க இது ஏற்றதா, அரங்கேற்றத்துக்கு ஏற்றதா?

விடை: ஜூம் 125 மடங்கு. துவாரம் சுமார் 67 மி.மீ.; எஸ்.எக்ஸ். 740-ஐவிட விட்டத்தில் இரண்டரை மடங்குக்கும் மேல். பகல் வெளிச்சத்தில் பறவைக்கு மிக ஏற்றது, சுமக்கத் தோளும் முக்காலியும் இருந்தால். சென்சார் சிறியதே ஆகையால் மேடைக்கு ஏற்றதன்று.