பழைய மோட்டார் காரில் நீர்க்கசிவு: காணும் முறையும் நீக்கும் முறையும்

வயலில் கட்டிய நீர் ஓரிரவில் வற்றியிருக்கக் கண்டால், அனுபவமுள்ள குடியானவர் உடனே மடையைத் திறப்பதில்லை. வரப்பைச் சுற்றி நடந்து, நண்டு வளையோ எலி வளையோ எங்குள்ளதெனத் தேடி, அதனை மண்ணிட்டு மிதித்து அடைத்த பின்னரே நீர் பாய்ச்சுவார். ஆனால் அவரே தம் மோட்டார் காரின் ரேடியேட்டரில் நீர் குறைந்தால், ஒரு செம்பு நீரை ஊற்றி மூடிவிட்டுப் பிரயாணம் புறப்பட்டுவிடுகிறார். வரப்பின் ஓட்டையால் ஒரு வயலின் நீர் போகும். ரேடியேட்டரின் ஓட்டையால் யந்திரமே போகும். ஆகையால் நீர் எவ்வழியே போகிறதெனக் காண்பது எப்படி, கண்டபின் அடைப்பது எப்படி என்பவற்றை இங்கு முறையாக விளக்குவோம்.

மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் செய்யத் தொடங்கி, 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் காரையே உதாரணமாகக் கொள்வோம். கிராமங்களில் இன்னும் சில வீடுகளில் அது நல்ல நிலையில் இருந்துவருகிறது. ஏனைய பழைய கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் இம்முறை பெரும்பாலும் பொருந்தும்.

1. அமைப்பு

யந்திரத்தில் எரியும் எண்ணெயின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நீரே சுமந்து வெளியேற்றுகிறது. சிலிண்டர்களைச் சுற்றியுள்ள அறைகளில் சூடேறிய நீர், மேல் ரப்பர்க் குழாய் வழியாக ரேடியேட்டரை அடைந்து, அங்குள்ள மெல்லிய குழல்களில் இறங்கிக் குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியாக மீளுகிறது. இச்சுற்றோட்டத்தை நடத்துவது வாட்டர் பம்ப். யந்திரம் போதிய அளவு சூடாகும் வரை நீரை ரேடியேட்டருக்குச் செல்லவொட்டாமல் தடுத்து நிற்பது தெர்மோஸ்டாட்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தை நிறுத்திவைக்கும் ஒரு வால்வு. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தை நிறுத்தும் மூடியிருப்பின், ஏறக்குறைய 111 டிகிரி வரை கொதியாது. மூடியின் ரப்பர் வளையம் கெட்டுவிட்டால் இந்த லாபம் போய்விடும். வேறெங்கும் ஓட்டை இல்லாமலே நீர் கொதித்து வெளியேறும். பல இடங்களில் யந்திரத்தின்மேல் சுமத்தப்படும் குற்றம் உண்மையில் இம்மூடியினுடையதே.

2. முதலில் உயிர்க்காப்பு

சூடான யந்திரத்தின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. திறந்த கணத்தில் அழுத்தம் நீங்குவதால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகச் சீறி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். மேல் ரப்பர்க் குழாயைக் கையால் தொட்டு அமுக்கக்கூடிய அளவு ஆறும்வரை பொறுத்திருந்து, பின் தடித்த சாக்குத் துணியை மூடிமேலிட்டு, முதற்படி வரை மட்டும் திருப்பி, எஞ்சிய அழுத்தம் போனபின் கழற்றுக.

வழியில் உஷ்ணமானியின் முள் உச்சிக்கு ஏறினால் உடனே நிறுத்துக. "ஊர் இன்னும் இரண்டு மைல்தானே" என்று ஓட்டுவதே பெருநஷ்டத்துக்குக் காரணம். கொதிக்கும் யந்திரத்தில் குளிர்ந்த கிணற்று நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் காணும். யந்திரம் ஓடும்போது சோதிப்பவர்கள் வேட்டி நுனி, மேல்துண்டு ஆகியவை விசிறியிலோ பெல்ட்டிலோ சிக்காதபடி இறுகக் கட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

3. உண்மையில் கசிவுதானா?

பழைய கார்களில் வழிந்த நீரைச் சேமிக்கும் தனிக்குப்பி பெரும்பாலும் இல்லை. நீரை விளிம்பு வரை நிரப்பினால், அது சூட்டில் பெருகி, வழிகுழாய் மூலம் தரையில் சிந்தும். மறுநாள் உடையவர் குறைவு கண்டு மீண்டும் விளிம்பு வரை நிரப்புவார். மீண்டும் அது சிந்தும். இது கசிவன்று. ரேடியேட்டரின் உட்குழல்கள் முழுகுமாறு நிரப்பி, கழுத்துக்குக் கீழே சற்று இடம் விட்டுவைத்து, ஒரு வாரம் கவனிக்குக. எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு நீர் ஊற்றப்பட்டதென ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவருதல் நன்று. அளவு நிலைத்து நின்றால் கவலை வேண்டாம். தொடர்ந்து இறங்கினால் கசிவு உண்டென்பது திண்ணம்.

4. புறக்கசிவைக் காணுதல்

யந்திரத்தின் புறத்தை எண்ணெயும் புழுதியும் போகத் துடைத்து உலர்த்தி, அடியில் ஒரு பெரிய அட்டையையோ பழைய பத்திரிகைத் தாள்களையோ விரித்து, இரவு முழுவதும் காரை நிறுத்திவைக்குக. காலையில் நனைந்த இடம் முதல் தடயமாகும். பின்னர் யந்திரத்தை ஓட்டிச் சூடேற்றி மீண்டும் பார்க்குக. சில கசிவுகள் உலோகமும் ரப்பரும் சுருங்கிக் குளிர்ந்திருக்கையில் மட்டும் தோன்றும். சில அழுத்தம் ஏறியபின்னரே தோன்றும். ஆகவே இருவேளையும் பார்ப்பது அவசியம்.

ஈரம் காணும் இடமே ஓட்டையுள்ள இடமென்று எண்ணிவிடலாகாது. நீர் மேலிருந்து கீழே வழியும். விசிறிக்காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலின் ஈரத்துக்கு மேலும் முன்னும் தேடுக. சூடான இடத்தில் நீர் உடனே உலர்ந்துவிடினும், வெண்மையாகவோ துரு நிறமாகவோ ஒரு கறை நிற்கும். அக்கறையின் மேல்நுனியே கசிவின் வாயில்.

பார்க்கவேண்டிய இடங்கள் வரிசையாக: ரப்பர்க் குழாய்களின் முனைகளும் கிளிப்புகளும்; ரேடியேட்டரின் மேல், கீழ்த் தொட்டிகள் ஒட்டப்பட்ட விளிம்புகள்; நீர் வடிக்கும் திருகுகுழாய்; வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை; தெர்மோஸ்டாட் மூடியின் இணைப்பு; யந்திரத்தின் பக்கவாட்டில் வட்டத் தகடுகளாக அடிக்கப்பட்டிருக்கும் வெல்ஷ் பிளக்குகள்; ஹீட்டர் பொருத்திய வண்டியாயின், முன்னிருக்கையின் காலடி விரிப்பு. பட்டணத்துப் பட்டறைகளில் மூடியின் இடத்தில் பொருத்தி, கைப்பம்பால் அழுத்தமேற்றிப் பார்க்கும் கருவியுண்டு. அதனால் யந்திரத்தை ஓட்டாமலே கசிவை வெளிப்படுத்தலாம். மூடியில் குறித்த அழுத்தத்துக்கு மேல் ஏற்றலாகாது.

5. உட்கசிவின் அறிகுறிகள்

புறத்தே ஓரிடத்திலும் ஈரமில்லை. நீரோ குறைந்துகொண்டே வருகிறது. இந்நிலையில் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள காஸ்கெட்டின்மேல் சந்தேகம் கொள்ளவேண்டும். யந்திரம் சூடேறிய பின்னும் புகைக்குழாயில் வெண்புகை ஓயாமல் வருதல். குளிர்ந்த யந்திரத்தை மூடி திறந்த நிலையில் முடுக்கியதும் ரேடியேட்டர்க் கழுத்தில் இடையறாது குமிழி கிளம்புதல். முடுக்கிய சில நிமிடங்களிலேயே மேல்குழாய் கல்போல் இறுகுதல். எண்ணெய் அளவுகோலில் எண்ணெய் பாலேடு போல் வெளுத்திருத்தல்: இவை அதன் அறிகுறிகள். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியடியில் மட்டும் சிறிது வெண்பசை காணின் அஞ்சவேண்டுவதில்லை. குறுந்தொலைவே ஓடும் வண்டிகளில் ஈரக்காற்றாலும் அது உண்டாகும். ஆனால் எண்ணெய் முழுவதும் வெளுத்திருப்பின் யந்திரத்தை ஓட்டவே கூடாது. நீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளைக் காவாது.

6. பழுது நீக்குதல்

கிளிப் தளர்ந்திருப்பின் இறுக்குக. ரப்பர் பிதுங்குமளவுக்கு இறுக்கவேண்டாம். குழாய் வெடித்தோ, எண்ணெய் பட்டு ஊறி மெத்தென்றோ, காய்ந்து விறைத்தோ இருப்பின், சுற்றுப்பட்டை ஒட்டிக் காலங்கடத்தாமல் புதியது மாற்றுக. மாற்றுமுன் உலோக முனையில் படிந்த துருவைச் சுரண்டித் தேய்ப்பது அவசியம். பலர் இதனைச் செய்யாமையால் புதுக்குழாயும் கசிகிறது.

பழைய ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையுமாகச் செய்யப்பட்டவை. ஆதலின் ஈயம் பற்றவைத்துப் பழுது நீக்கலாம். கழற்றி ரேடியேட்டர்ப் பட்டறையில் கொடுத்து, நீரில் அமிழ்த்திக் காற்றேற்றிச் சோதித்து, அடைபட்ட குழல்களையும் சுத்திசெய்யச் சொல்லுக. மீண்டும் பொருத்துகையில் தாங்கும் போல்ட்டுகளையும் ரப்பர் மெத்தைகளையும் பார்க்கவேண்டும். அவை தளர்ந்திருந்தால் மண்சாலையின் அதிர்ச்சியில் பற்றிய இடம் மறுபடியும் விடும்.

வாட்டர் பம்பின் அடித்துளையில் நீர் சொட்டினால் உள்ளேயுள்ள சீல் தேய்ந்ததென்று பொருள். அத்துளையை அடைத்துவிடுவது பெரும் பிழை. நீர் பேரிங்கினுள் சென்று அதனையும் கெடுக்கும். பம்பையே மாற்றுதல் அல்லது முறையாகப் பழுது பார்த்தல் வேண்டும். பெல்ட்டை அளவுக்குமேல் இறுக்குவதும் பம்பைக் கெடுக்கும். நடுவில் விரலால் அழுத்த ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்குதல் போதுமானது.

காஸ்கெட் மாற்றுவது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. ஆயினும் உடையவர் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: ஹெட்டின் அடிப்பரப்பு நேர்கோல் வைத்துச் சமமாயிருக்கிறதா என்று பார்க்கப்பட்டதா? நட்டுகள் நடுவிலிருந்து புறமாக, படிப்படியாக, குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கப்பட்டனவா? இவ்விரண்டும் இல்லையேல் புதுக் காஸ்கெட் நெடுநாள் நிற்பதரிது.

மஞ்சள்தூளை ரேடியேட்டரில் கொட்டி ஓட்டையை அடைப்பது நம் நாட்டு வழக்கம். நடுவழியில் வீடு சேருமட்டும் அது உதவக்கூடும். ஆனால் ஓட்டையை அடைக்கும் தூள் நல்ல குழலையும் அடைக்கும். வீடு சேர்ந்ததும் கழுவி நீக்கி, மெய்யான பழுதைப் பார்த்தல் வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் பரிகாரமன்று. யந்திரம் போதிய சூடின்றி ஓடி, எண்ணெய் செலவு கூடும்.

7. நீரின் குணம்

நம்மவர் கவனியாதது இதுவே. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றினால், சமையற்பாத்திரத்தில் படிவதைப்போலவே குழல்களில் காரை படிந்து அவற்றை அடைக்கும். உப்பு உலோகத்தை அரிக்கும். ஆகவே கசிவை அடைக்காமல் நீர் ஊற்றுவது மறு கசிவை விதைப்பதாகும். காய்ச்சி வடித்த நீரையோ, முதல் மழைகள் கூரையைக் கழுவிய பின் பிடித்துத் தெளியவைத்த மழைநீரையோ கொள்க. அதனுடன் துரு தடுக்கும் கூலண்டைப் புட்டியில் கண்ட அளவில் கலக்கவேண்டும். சில புட்டிகளில் நீர் முன்னரே கலந்திருக்கும், வாசித்தறிந்து ஊற்றுக. பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றதா என்பதையும் பார்க்க. வெவ்வேறு வகைகளை ஒன்றாய்க் கலக்கலாகாது. நிரப்புகையில் மெதுவாக ஊற்றி, மூடியின்றி யந்திரத்தைச் சற்று ஓடவிட்டு, அடைபட்ட காற்று வெளியேறியபின் குறைவை நிரப்பி மூடுக.

8. கால்நடைகளுக்கு எச்சரிக்கை

பெரும்பாலான கூலண்டுகளில் எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவம் உண்டு. அது இனிப்புடையது, கொடிய நஞ்சு. தொழுவத்தருகே சிந்திக் கிடப்பதை நாயோ கன்றோ நக்கினால் சிறுநீரகம் கெட்டு மாளும். குழந்தைகளுக்கும் அதே அபாயம். ஆதலின் வடிக்கும்போது அகன்ற தட்டில் பிடித்து, மூடியுள்ள பாத்திரத்தில் பெயரெழுதி எட்டாத இடத்தில் வைக்குக. குடிநீர்ப் புட்டிகளில் ஒருபோதும் வைக்கலாகாது. வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. கால்நடை குடித்ததாகச் சந்தேகம் தோன்றினால், நோய் வெளிப்படும்வரை காத்திராமல் அப்பொழுதே கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். கிராம அதிகாரிகள் இதனைத் தம் ஊராருக்கு எடுத்துரைப்பார்களாயின் பெரும் உபகாரமாகும்.

சுருக்கம்

(1) சூட்டில் மூடியைத் திறவாதீர். (2) குறையும் நீரை அளந்து குறித்துவருக. (3) முதலில் மூடி, குழாய், கிளிப் ஆகிய எளியவற்றைப் பார்க்குக. (4) குளிர்ந்தபோதும் சூடானபோதும் சோதிக்குக. (5) புறத்தே ஈரமின்றேல் எண்ணெயையும் புகையையும் நோக்குக. (6) நல்ல நீரையே ஊற்றுக. (7) சிந்தியதைக் கழுவித் துடைத்து, கால்நடைகளைக் காக்குக.

இன்று ஒரு கிளிப்பின் விலையில் முடியக்கூடியதை நாளைக்கெனத் தள்ளிவைப்பவர், பின்னர் ஒரு ஹெட்டின் விலையைக் கொடுக்கவேண்டியவராவார். வரப்பைச் சுற்றி வரும் அதே கண்களோடு, வாரம் ஒருமுறை, காலைக் குளிர்ச்சியில், காரின் முன்மூடியையும் திறந்து பார்த்துவருவீர்களாக.