மழைக்காட்டுக் கள்ளி

கள்ளி என்றதும் வெயில் காயும் வறுநிலமும் கூரிய முள்ளுமே நம் நினைவிற்கு வரும். ஆயின், ஈரம் வற்றாத காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு பச்சைக் கயிறுகளைப்போலத் தொங்கும் கள்ளியும் உண்டு. அதன் பெயர் இரிப்சாலிசு. அதற்கு இலை இல்லை. முதிர்ந்த தண்டில் முள்ளும் இல்லை. முத்துப்போன்ற சிறு வெண்கனிகள் உண்டு. மரத்தில் வாழினும், புல்லுருவியைப்போல் அம்மரத்தின் சாற்றை அஃது உறிஞ்சுவதில்லை.

அறிஞரும் இதனைக் கண்டு முதலில் மயங்கினர். பதினெட்டாம் நூற்றாண்டில் இதனை வரைந்து வெளியிட்ட மில்லர் என்பார், நம் வேலிகளில் படரும் கொத்தானின் இனமென்றே பெயரிட்டார். 1788-இல் கேர்ட்னர் என்னும் செருமானியர் இரிப்சாலிசு என்னும் தனிப்பெயரை வழங்கினார். பெயர் இவ்வாறு மயங்கலாம். செடியையே காத்துவைப்பின் பின்வருவோர் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம் அன்றோ? அதற்கென அமைந்தனவே உலர்செடித் தொகுப்பகங்கள்.

காட்டிற் கொய்த கிளையைத் தாள்களின் இடையே அழுத்தி உலர்த்தித் தடித்த தாளில் ஒட்டிவைப்பர். கள்ளியோ எளிதில் உலராது. தண்டெல்லாம் நீராதலின், அழுத்தி வைத்த பின்னும் பல நாள் உயிரோடிருக்கும், தளிர்ப்பதும் உண்டு. ஆகவே கொதிநீரிலோ எரிசாராயத்திலோ தோய்த்து, அதன் உயிரைப் போக்கிய பின்னரே உலர்த்துவர். உலர்ந்தபின் கனி சுருங்கும், நிறமும் மாறும். எனவே, தாளின் ஓரத்தில் ஒட்டும் சீட்டு இன்றியமையாதது. எந்தக் காடு, எந்த நாள், எவ்வளவு உயரம், எம்மரத்தின்மேல் இருந்தது, கனியின் நிறம் யாது, கொய்தவர் யார் என்பனவெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். எழுதியவன் பெயரும் ஆண்டும் இல்லாத ஓலைச்சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு யான் பன்முறை வருந்தியதுண்டு. சீட்டற்ற செடியும் அத்தகையதே.

இரிப்சாலிசு சேர்ந்த குடும்பத்தின் தாயகம் அமெரிக்கா. (நம் பழம்பாடல்களிற் காணும் கள்ளி பாலுடையது, வேறு குடும்பத்தது.) சப்பாத்திக்கள்ளியை ஐரோப்பியர் அங்கிருந்து கொணர்ந்தனர். ஆனால் இரிப்சாலிசு ஆப்பிரிக்காவிலும் மடகாசுக்கரிலும் இலங்கையிலும் காடுகளில் தானே வளர்கின்றது. கடல் கடந்தது எவ்வாறு? விதை பசையுடையதாதலின் பறவைகள் கொண்டுவந்தன என்பர் சிலர். கப்பலில் வந்தது என்பர் வேறு சிலர். இவ்வழக்கிற்குப் பழைய தாள்களே சான்று. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த திரைமென், 1894-இல் வெளிவந்த தம் இலங்கைத் தாவர நூலின் இரண்டாம் பகுதியில் இதனைச் சேர்த்துள்ளார். அதற்கு முன்னரே அக்காடுகளில் அஃது இருந்தது என்பது தெளிவு. எத்துணை முன்னர் என அறிய, அதனினும் பழைய தாள் வேண்டும்.

அந்நூற்றாண்டிலேயே இலங்கையின் மலைக்காடுகள் பல, முதலில் காப்பிக்கும் பின்பு தேயிலைக்குமாக அழிக்கப்பட்டன. அங்கே எந்தச் சரிவில், எந்த மரத்தில் இச்செடி தொங்கியது என்று இன்று ஒருவர் வினவினால், அக்காலத்தில் எவரேனும் எழுதி ஒட்டிய சீட்டைத்தான் பார்த்தல் வேண்டும்.