புது பிக்கப்: பேரம் எங்கே பேசுவது?

மாங்காய், தேங்காய், காய்கறி லோடு அடிக்கப் புது பிக்கப் வாங்க வேண்டும். ஷோரூம் சொல்லும் விலையில் எவ்வளவு குறைக்க முடியும்? (சாணார்பட்டி வாசகர்)

டீலர் தரும் கொட்டேஷனில் ஏழெட்டுத் தொகைகள் இருக்கும். அவற்றில் சிலவற்றை டீலரே நினைத்தாலும் குறைக்க முடியாது. ஜி.எஸ்.டி., சாலை வரி, பதிவுக் கட்டணம், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் ஆகியவை அரசு நிர்ணயிப்பவை. மூன்றாம் நபர் பிரீமியத்தை எடுத்துக்கொண்டால், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு 2022 ஜூன் முதல் 16,049 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அரசு எந்தத் தொகையை அறிவித்தாலும் எல்லா இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் அதே தொகைதான்.

பேரத்துக்கு இடம் தருபவை வேறு: எக்ஸ்-ஷோரூம் விலையில் கிடைக்கும் தள்ளுபடி, இன்சூரன்ஸில் சொந்த சேதத்துக்கான பிரீமியம், ஹேண்ட்லிங் சார்ஜ், கூடுதல் சாமான்கள், கூடுதல் வாரண்டி, கடனின் வட்டியும் பிராசஸிங் கட்டணமும். தள்ளுபடியிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, தயாரிப்பு நிறுவனம் அந்த மாதத்துக்கு அறிவித்த ஸ்கீம். மற்றொன்று, டீலர் தன் லாபத்திலிருந்து விட்டுக்கொடுப்பது. கம்பெனி ஸ்கீமை மட்டும் காட்டி 'இதுக்கு மேல முடியாது' என்று சொல்வது வழக்கம். ஸ்கீம் கேட்பவர் எல்லோருக்கும் கிடைப்பது. டீலரின் பங்கு என்ன என்று தனியாகக் கேட்ட பிறகே பேரம் தொடங்குகிறது.

எந்த வண்டி என்பதை முன்பே முடிவு செய்தவருக்கே பேரத்தில் பிடி கிடைக்கும். முக்கால் டன் அளவுக்கு 2005-இல் வந்து 'குட்டி யானை' என்று பெயரெடுத்த டாடா ஏஸ் இருக்கிறது. அதற்கு மேல் 2011 முதல் வரும் அசோக் லேலண்டின் தோஸ்த், டாடா இன்ட்ரா, மகிந்திரா பொலிரோ பிக்கப் எனப் போட்டி பலமாக உள்ளது. தோட்டத்திலிருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்குச் சமவெளியில் போகும் வண்டியும், 18 கொண்டை ஊசி வளைவு ஏறிச் சிறுமலைக்குப் போய் வாழையும் பலாவும் இறக்கும் வண்டியும் ஒன்றாக இருக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. வண்டியின் எடை, லோடு இரண்டும் சேர்ந்ததே மொத்த எடை. விலையில் சில ஆயிரம் மலிவாகக் கிடைக்கிறது என்று இந்த எல்லையைத் தாண்டிய வகையை எடுத்தால் பெர்மிட் செலவு பின்னால் வரும்.

கொட்டேஷனை எப்படிப் படிப்பது? (கோபால்பட்டி வாசகர்)

மாதிரிக்கு ஒரு கொட்டேஷனை எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்-ஷோரூம் 8,50,000, இன்சூரன்ஸ் 42,000, சாலை வரியும் பதிவும், ஹேண்ட்லிங் 8,000, சாமான்கள் 15,000, கூடுதல் வாரண்டி 12,000. இதில் 20,000 தள்ளுபடி என்று டீலர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். சாமான்களும் ஹேண்ட்லிங்கும் சேர்ந்தே 23,000. கொடுத்த தள்ளுபடி அங்கேயே திரும்பிப் போய்விட்டது. ஆகவே ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இன்சூரன்ஸ்: மூன்றாம் நபர் பிரீமியம் போக மீதமுள்ள சொந்த சேதப் பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டீலரிடமே இன்சூரன்ஸ் போட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதே காப்புத் தொகைக்கு வெளியில் ஒரு கொட்டேஷன் வாங்கிவந்து காட்டினால், பெரும்பாலும் டீலரே இறங்கி வருவார்.

ஹேண்ட்லிங்: இது சட்டம் விதித்த கட்டணம் அல்ல. வண்டியைக் குடோனிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு டீலரின் தொழில் செலவு. இந்த வரியை முழுவதும் எடுத்துவிடும்படி கேட்பது நியாயம்.

நம்பர் பிளேட்: 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தயாரிப்பு நிறுவனமே தர வேண்டும். அதற்குத் தனியாகத் தொகை போட்டிருந்தால் காரணம் கேட்கலாம்.

சாமான்கள்: தார்ப்பாய், அதற்கான கம்பி வளைவுகள், சீட் கவர், தரை விரிப்பு ஆகியவை கடையில் என்ன விலை என்று முன்பே விசாரித்து வைப்பது நல்லது. பலகையை உயர்த்தி லோடு கூட்டலாம் என்று யாராவது சொன்னால், 52-ஆவது பிரிவை நினைவில் வைக்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியின் அமைப்பை மாற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை.

விலை 10 லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கு டீலர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்டுவார். இது போன பணம் அல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம்.

ஷோரூமில் பேச்சு எப்படிப் போகும்? (வேம்பார்பட்டி வாசகர்)

விற்பனையாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியாக இருக்கும்: 'மாசம் எவ்வளவு டியூ கட்டுவீங்க?' இதற்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் பேரம் அங்கேயே கைமாறிவிடும். அதற்குப் பிறகு வண்டி விலை, வட்டி, தவணைக் காலம் மூன்றையும் அந்தத் தொகைக்குள் அடைக்கும்படி கணக்கு போடப்படும். 'ஆன்ரோடு விலை முடிவானதும் டியூ பேசலாம்' என்பதே சரியான பதில்.

அடுத்து, 'மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்' என்று எழுந்து போவது. இது வெறும் நாடகம் என்று சொல்லிவிட முடியாது. விற்பனையாளர், டீம் லீடர், மேனேஜர் என ஒவ்வொருவருக்கும் விட்டுக்கொடுக்க ஒரு வரம்பு உண்டு. முதல் ஆளிடம் கிடைத்ததைக் கடைசி விலை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 'இன்னைக்கே அட்வான்ஸ் போட்டாத்தான் இந்த ரேட்' என்பதற்கும் அவசரப்பட வேண்டாம். இன்று முடிந்த விலை ஸ்கீம் தேதி முடியும்வரை முடியும். தேதியை எழுதிக் கேட்டால் தெரிந்துவிடும்.

மூன்று கொட்டேஷன்கள் கையில் இருந்தால் பேச்சுக்குப் பலம்: திண்டுக்கல் டீலரிடம் ஒன்று, அதே கம்பெனியின் மதுரை டீலரிடம் ஒன்று, அதே லோடு வகையில் வேறு கம்பெனி வண்டிக்கு ஒன்று. மதுரையில் வாங்கினாலும் திண்டுக்கல் ஆர்.டி.ஓ.வில் டி.என்.57 எண் பெற முடியும். மூன்றிலும் ஆன்ரோடு தொகையை மட்டும் ஒப்பிட வேண்டும். எக்ஸ்-ஷோரூம் விலையை ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

முடிவான தள்ளுபடி இன்வாய்ஸிலேயே குறைத்துக் காட்டப்பட வேண்டும். அப்படிக் காட்டினால் வரிக்கு உட்பட்ட மதிப்பும் குறையும். வரிக்கு முந்தைய விலையில் 20,000 குறைந்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 23,600 மிச்சம்.

ஜி.எஸ்.டி. குறைந்தது என்கிறார்கள். பேரத்தில் அதற்கு இடம் உண்டா? (நத்தம் வாசகர்)

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி இல்லாத விலை 6,25,000 என்றால், முன்பு 8,00,000 ஆக இருந்த எக்ஸ்-ஷோரூம் விலை 7,37,500 ஆகும். 62,500 ரூபாய் குறைவு. இது அரசு தந்த குறைப்பு. இதையே டீலரின் தள்ளுபடியாகக் காட்டினால் ஏற்கக் கூடாது.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரிக் கடனாக எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. காருக்கு இந்த வசதி பொதுவாக இல்லை. சிமெண்டு, ஹார்டுவேர், பெயின்ட் கடைக்காரருக்கு இது பெரிய தொகை. ஆனால் பழமும் காய்கறியும் வரிவிலக்குப் பெற்றவை என்பதால், அவற்றை மட்டும் விற்பவருக்கு இந்தக் கடன் கிடைக்காது. காம்போசிஷன் முறையில் உள்ளவருக்கும் கிடையாது. 'ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைச்சிடும்' என்ற வாக்கை நம்பி விலையில் விட்டுக்கொடுக்கும் முன் ஆடிட்டரிடம் கேட்பது நல்லது.

எந்த மாதத்தில் வாங்கினால் விலை குறையும்? (செங்குறிச்சி வாசகர்)

மாதக் கடைசியில் விற்பனை இலக்கை முடிக்க டீலருக்கு நெருக்கடி இருக்கும். காலாண்டு முடியும் மாதங்களிலும், கணக்கு ஆண்டு முடியும் மார்ச்சிலும் அது கூடும். ஆடியில் புது வண்டி எடுப்பதைப் பலர் தள்ளிப்போடுவதால் ஷோரூம் காற்று வாங்கும். சலுகை தாராளமாக வரும். ஆயுத பூஜை, தீபாவளி நேரத்தில் தேவை அதிகம் என்பதால் டீலரின் பங்கு சுருங்கும். நத்தம், சாணார்பட்டி வட்டாரத்தில் மா சீசன் தொடங்கும்போது வண்டிக்கு அலைபவரிடமும் டீலர் இறங்கி வரமாட்டார். சீசனுக்கு வண்டி வேண்டும் என்றால் பேச்சை மார்ச்சிலேயே முடித்துவிட வேண்டும்.

மார்கழியும் வண்டி எடுக்காத மாதம். அதே சமயம் டிசம்பர் இறுதியில் அந்த ஆண்டுத் தயாரிப்புகளைத் தள்ளிவிட டீலர் முயல்வார். மார்கழியில் விலை பேசி முடித்துத் தை பிறந்ததும் டெலிவரி எடுப்பது பலருக்கும் பிடித்த வழி. இதில் கவனிக்க இரண்டு உண்டு. ஜனவரியில் பதிவு செய்தாலும் ஆர்.சி.யில் தயாரிப்பு ஆண்டு பழையதாகவே வரும். பின்னால் விற்கும்போது விலை அதை வைத்தே பேசப்படும். தள்ளுபடி அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். மேலும், ஜனவரியில் கம்பெனிகள் விலை ஏற்றுவது உண்டு. புக்கிங் படிவத்தில் 'டெலிவரி நாளின் விலையே பொருந்தும்' என்ற வரி இருந்தால், பேசிய விலைக்கு உத்தரவாதம் இல்லை. பேசிய விலை மாறாது என்று எழுதி வாங்க வேண்டும்.

டீலரே ஃபைனான்ஸ் ஏற்பாடு செய்து, பழைய வண்டியையும் எடுத்துக்கொள்கிறார். சேர்த்தே முடிக்கலாமா? (கொசவபட்டி வாசகர்)

புது வண்டி விலை, கடன், பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச் ஆகிய மூன்றும் மூன்று தனிப் பேரங்கள். சேர்த்துப் பேசினால் ஒன்றில் கொடுத்ததை இன்னொன்றில் எடுப்பது எளிது.

கடனில் 'ஃபிளாட் வட்டி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 7,00,000 ரூபாய் கடனுக்கு 8 சதவீத ஃபிளாட் வட்டி, நான்கு ஆண்டு என்றால் வட்டி 2,24,000. மாத டியூ 19,250. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு அசலுக்கும் கணக்கிடப்படுகிறது. குறையும் அசல் முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 14.35 சதவீதம். ஐந்து ஆண்டாக நீட்டினால் டியூ 16,333 ஆகக் குறையும். வட்டியோ 56,000 கூடும்.

தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் கடன் தரும் வங்கியும் ஃபைனான்ஸ் நிறுவனமும் 'முக்கிய விவரத் தாள்' ஒன்றைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024-இல் விதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் புதுக் கடன்களுக்கு இது கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். வங்கி, கூட்டுறவு வங்கி, சரக்கு வண்டிக் கடனில் பழம் தின்று கொட்டை போட்ட சுந்தரம், ஸ்ரீராம், சோழமண்டலம் போன்ற நிறுவனங்கள் என எங்கே கேட்டாலும் இந்த ஒரே எண்ணை ஒப்பிட்டால் போதும்.

பழைய வண்டிக்கு முதலில் திண்டுக்கல் கன்சல்டிங்குகளில் இரண்டு, மூன்று பேரிடம் விலை கேட்டுவைக்க வேண்டும். டீலரிடம் கொடுத்தால் பெயர் மாற்றம் முடிந்ததா என்று விடாமல் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

பணம் கட்டும்போதும் டெலிவரியிலும் என்ன பார்க்க வேண்டும்? சொன்ன விலை மாறினால் எங்கே போவது? (சிலுவத்தூர் வாசகர்)

அட்வான்ஸை டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்த வேண்டும். விற்பனையாளரின் சொந்த எண்ணுக்கு அனுப்பக் கூடாது. ரசீதில் வண்டியின் வகை, நிறம், ஆன்ரோடு விலை, தருவதாகச் சொன்ன இலவசப் பொருட்கள், டெலிவரி தேதி, புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். மீதிப் பணம் கட்டுமுன் வண்டியை நேரில் பார்த்து, சேசிஸ் எண், எஞ்சின் எண், தயாரிப்பு மாதம் ஆகியவை இன்வாய்ஸோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, டயர், பின்பலகையின் கொக்கி ஆகியவற்றையும் அப்போதே பார்ப்பது நல்லது.

பேசியதற்கு மாறாகப் பணம் பிடித்தால் முதலில் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்தில் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்ட வாங்கியவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. வழக்கில் நிற்பவை கொட்டேஷன், ரசீது, இன்வாய்ஸ் ஆகிய மூன்று தாள்கள். வாயால் சொன்ன தள்ளுபடிக்குச் சாட்சி கிடையாது.