இதய அறுவை சிகிச்சைக்குப் பின்: கைகளுக்கு ஓய்வு, கால்களுக்கு நடை

இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையை டாக்டர் கே.எம். செரியன் 1975ஆம் ஆண்டு செய்தது, புளியந்தோப்புக்குத் தொலைவில் இல்லாத பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான். சிகிச்சை நமக்குப் பழகிவிட்டது. அதற்குப் பிந்தைய நாள்களைப் பற்றிய அச்சம் மட்டும் குறையவில்லை. வீடு திரும்பும் நாளில், "எத்தனை மாதம் படுத்திருக்க வேண்டும்?" என்றுதான் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கின்றனர்.

படுத்திருக்க வேண்டியதில்லை. முற்காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை மருத்துவர்களே வாரக்கணக்கில் படுக்கவைத்தனர். 1952இல் லெவின், லவுன் என்ற அமெரிக்க மருத்துவர்கள், அவர்களை நாற்காலியில் உட்காரவைப்பதே நல்லது என்று எழுதினர். அசையாமல் கிடந்தால் தசை மெலியும். நுரையீரலில் சளி தேங்கும். கால் நரம்புகளில் இரத்தம் உறையக்கூடும்.

அப்படியானால் தடை எதற்கு? அறுவை சிகிச்சையின்போது மார்பின் நடு எலும்பை நீளவாக்கில் பிளந்து, பின்னர் எஃகுக் கம்பியால் இணைக்கிறோம். அவ்வெலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். முழு உறுதி பெற ஏறத்தாழ 12 வாரம். புதிதாக இணைத்த இரத்தக்குழாயோ அன்றே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஆகவே கைகளுக்குத்தான் கட்டுப்பாடு, கால்களுக்கு அன்று.

நம் பகுதியில் இக்கட்டுப்பாடு முதலில் மீறப்படுவது தண்ணீர்க் குடத்தில். நிறைகுடம் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். எலும்பு கூடும்வரை 3 கிலோவுக்கு மேல் தூக்கலாகாது. அடிபம்பு அடிப்பதும் கூடாது; எடை தூக்காவிட்டாலும் அது மார்பெலும்பை இழுக்கும். துணி பிழிவது, நிறைந்த குக்கரை இறக்குவது, பேரக்குழந்தையைத் தூக்குவது ஆகியவையும் அப்படியே. ஆண்களுக்குக் கிடைக்கும் ஓய்வு பெண்களுக்குக் கிடைப்பதில்லை என்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். அம்மா வீடு திரும்புமுன்பே, தண்ணீரை யார் பிடிப்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

பாயில் படுத்துப் பழகியவர்கள் சில வாரங்கள் கட்டிலுக்கு மாறுவது நல்லது. தரையிலிருந்து எழும்போது உடலின் எடை முழுவதும் கைகளில் இறங்கும். கட்டிலிலும் நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு எழுங்கள். இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் நாளுக்கு மூன்று முறை, ஐந்து ஐந்து நிமிடம் நடந்தால் போதும். பிறகு நாள்தோறும் ஓரிரு நிமிடம் கூட்டி, ஆறாம் வாரத்தில் தொடர்ந்து அரை மணி நேரம் நடக்கும் நிலையை எட்டலாம். நடக்கும்போது பேச முடியவேண்டும். பேச்சு திணறினால் வேகம் மிகுதி. லாரிகள் ஓடும் சாலையைத் தவிர்த்து விடியற்காலையில் தெருவிலோ மொட்டை மாடியிலோ நடக்கலாம்; மழைக்காலத்தில் வராந்தாவே போதும். மாடிக் குடியிருப்புகளில் இருப்போர் படியேற அஞ்ச வேண்டாம். திருப்பம்தோறும் நின்று மூச்சு வாங்குங்கள். கைப்பிடியைத் துணைக்குப் பிடிக்கலாம், அதை இழுத்து ஏறக் கூடாது.

வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதில்தான் பல குடும்பங்களின் பிழைப்பு அடங்கியுள்ளது. அமர்ந்து செய்யும் வேலைக்கு 6 முதல் 8 வாரத்தில் பெரும்பாலோர் திரும்புகின்றனர். துறைமுகத்திலும் கிடங்குகளிலும் சுமை தூக்குவோர் மூன்று மாதமாவது பொறுத்து, பரிசோதனை செய்துகொண்டு, சிறு சுமையிலிருந்து தொடங்க வேண்டும். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நான்காம் வாரமே மூட்டை தூக்குவது ஆபத்து. அதுவரை இருசக்கர வாகனம் ஓட்டுவதையும் எங்களைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

காரணமின்றி அழுகை வருவதும், தூக்கம் கெடுவதும், எரிச்சல் கூடுவதும் இந்நாள்களில் இயல்பு. சில வாரங்களில் தணியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

மார்பெலும்பில் 'கடக்' என்ற அசைவு, காயத்தில் நீர்க்கசிவு, காய்ச்சல், ஓரிரு நாளில் இரண்டு கிலோ எடை ஏறுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் அன்றே வாருங்கள். நெஞ்சை அழுத்தும் வலியோ, ஓய்விலும் மூச்சுத்திணறலோ, மயக்கமோ வந்தால் 108ஐ அழையுங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது மாத்திரைகளுடன், அன்றன்று நடந்த நிமிடங்களைக் குறித்த மாதக் காலண்டர் தாளையும் கொண்டு வாருங்கள். அடுத்த மாத நடையின் அளவை அதைப் பார்த்தே முடிவு செய்வோம்.